ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில்

என் கணவருக்குப் பேச்சு போன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. அதற்கு முன்பு கிடையாது. கேரளத்தில், எல்லையை ஒட்டிய அமரவிளையில் மெயின் ரோட்டிலிருந்து கீழே இறங்குகிற சரிவில் எங்கள் வீடு. சாயங்காலமானால் சுற்றியுள்ள வீடுகளில் சீரியல் சத்தமும் காமெடி ஷோ சத்தமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு ஜெபம். அவர் பாட்டைத் தொடங்குவார், நான் கூடப் பாடுவேன், அவர் வேதம் வாசிப்பார், முழங்காலில் நிற்போம். மகன் இருந்த காலத்திலும் அதுதான், அவன் துபாய்க்குப் போன பிறகும் அதுதான்.

அவர் மின்சார அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் போதகர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் பிரசங்கம் செய்வார். ஞாயிறு பள்ளியை வெகு காலம் நடத்தினார். கடுமையான மனிதர் என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்த மாட்டார். மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது கிரிக்கெட் பார்க்க டிவி வேண்டும் என்று அழுதான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எலே, பந்து அடிக்கதை மட்டும் காட்டிட்டு அவன் நிறுத்துவான்னா நான் இன்னைக்கே வாங்கித் தாறேன். நிறுத்த மாட்டானே. பின்னால என்னெல்லாமோ வரும். வந்தது உள்ள கெடக்கும் மக்கா, போகாது."

மகன் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். அது அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்டதில்லை.

நான் தனுவச்சபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தேன். ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்கள் முந்தின நாள் பார்த்த காமெடியைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "எங்க வீட்ல டிவி இல்ல" என்று நான் சொல்லுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் அந்தத் தமாஷ் முடிகிறவரை கையில் நோட்டுக் கட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். பிறகு கையில் நல்ல போன் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இயர்போன் வயரைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து, அந்த மலையாள ஸ்கிட்டுகளை நானே பார்க்க ஆரம்பித்தேன். ஆண்கள் சேலை கட்டிக்கொண்டு பெண்ணாக வருவார்கள். வயிற்றில் தலையணையைக் கட்டியிருப்பார்கள். கறுப்பைக் கேலி செய்வார்கள், திக்குவாயைக் கேலி செய்வார்கள், இரண்டு அர்த்தம் வைத்துப் பேசுவார்கள். ஒரு நாள் கூட வந்த டீச்சர் ஒருத்தி, "என்ன டீச்சர், பாட்டா?" என்று கேட்டாள். "ஆமா, பாட்டு" என்றேன். அவள் அதைக் கீர்த்தனை என்று எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. காலையில் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், அப்படியே சரிந்துவிட்டார். திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து, வலது கையும் வலது காலும் விளங்காமல், வாயில் "ஆ" என்கிற ஒரு சத்தத்தோடு வீடு வந்து சேர்ந்தார். நாம் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரியும், திருப்பிச் சொல்ல வார்த்தைதான் வராது என்று டாக்டர் சொன்னார். முன்னறையில் கட்டில் போட்டு அவரைக் கிடத்தினோம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் ஏழு மணிக்கு நான் வேதத்தை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமும் அவர் வாசிக்க நான் கேட்டவள். ஒரு சங்கீதம் எடுத்து வாசித்தேன். இரண்டு வரி போகவில்லை, அவர் அழ ஆரம்பித்தார். சின்னப் பிள்ளை அழுவது போல, வாய் கோணி, உடம்பு முழுவதும் குலுங்கி அழுதார். நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துவிட்டேன். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. தான் வாசிக்க வேண்டியதை நான் வாசிப்பதைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை என்று நினைத்தேன். ஒரு மனுஷனை இருத்தி வைத்துத் தினமும் அழவிடுவதா? வாசிப்பைக் குறைத்தேன். சில நாள் வெறும் ஜெபத்தோடு நிறுத்தினேன். அதுவும் வாய்க்குள்.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெஞ்சினேன், கண்டித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மேசைமேல் இருந்த போனில் பழைய டீச்சர் ஒருத்தி அனுப்பிய வீடியோ வந்து விழுந்தது. யார் என்று பார்க்க விரல் வைத்தேன், அது சத்தமாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு புருஷன், தலையணை கட்டிய ஒரு பெண்டாட்டி. அவள் கதவில் மாட்டிக்கொண்டு உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் நிற்கிறாள். அவன் அவள் உடம்பைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "போடீ சாக்கே!" என்கிறான். கூட்டம் அலறிச் சிரிக்கிறது.

அவரும் சிரித்தார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏற, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்த "ஆ"வையும் அழுகையையும் தவிர அவரிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அது. மறுபடியும் ஓடவிட்டேன். மறுபடியும் சிரித்தார். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டே கிண்ணத்துக் கஞ்சி முழுவதையும் ஊட்டி முடித்தேன்.

மகனுக்கு உடனே போன் செய்தேன். "மோனே, அப்பா சிரிச்சாருலே!"

அந்தப் பக்கம் அவன் அழுதுவிட்டான். "என்ன பாத்தும்மா சிரிச்சாரு?"

"ஏதோ தமாசு" என்றேன்.

அந்த வாரமே ஆன்லைனில் டிவி வந்து இறங்கியது. கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். அங்கே தொங்கிய சபைக் காலண்டரைக் கழற்றி நான் அடுக்களையில் கொண்டு மாட்டினேன்.

அந்த ஜோடி வருகிற காமெடி ஷோ ஏழு மணிக்கு. ஜெபத்தை எட்டரைக்கு மாற்றினேன். எட்டரைக்கு அவர் அசந்து தூங்கியிருப்பார். தூங்குகிறவரை எழுப்புவானேன் என்று நான் மட்டும் கட்டில் காலைப் பிடித்து முழங்காலில் நின்று நாலு வார்த்தை சொல்வேன். பிறகு அதுவும் விட்டுப்போன நாட்கள் உண்டு.

அவருக்காகத்தான் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆறரைக்கே சாயா போட்டு வைத்து, முகம் கழுவி, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தது நான். அந்த "போடீ சாக்கே" ஜோடி வாராவாரம் வந்தது. சில நாள் மறுஒளிபரப்பும் உண்டு, யூடியூபில் வேறு தேடிப் போடுவேன். நானும் தடித்த உடம்புக்காரிதான். என்னைப் போன்ற ஒருத்தியை அவன் சாக்கு என்று சொல்லும்போது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். பக்கத்தில் அவர் சிரிப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து இப்படிச் சிரித்ததில்லை. அந்த மாதங்கள் எனக்கு நல்ல மாதங்களாக இருந்தன. அவர் விழுந்து கிடந்த மாதங்கள் அவை என்று நினைக்கும்போது இதை எழுத என் கை கூசுகிறது.

சபையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஸ்கிட்டுகள் தலைக்குள் ஓடும். ஒரு திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை நான் முன்னால் போய் முழங்காலில் நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறேன். கதவில் மாட்டிக்கொண்ட அந்தப் பெண்பிள்ளை மனதில் வந்து நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டேன். போதகர் அதை உருக்கம் என்று நினைத்திருப்பார். அப்பத்தை வாங்கி விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நெய்யாற்றின்கரையிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு இளம்பெண் வருவாள். மலையாளம்தான் அவளுக்கு வரும், நான் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவேன். எங்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். பேச்சு வருகிறவரை அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கச் சொன்னாள். ஆமாம் என்றால் அவர் ஒரு தரம் அழுத்துவார், இல்லை என்றால் இரண்டு தரம். தண்ணி வேணுமா, திருப்பிப் படுக்கப் போடணுமா, வலிக்குதா என்றெல்லாம் கேட்டேன். அவரும் சரியாகப் பதில் சொன்னார். டிவி வேண்டுமா என்று மட்டும் நான் கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் இருந்ததல்ல.

வியாழக்கிழமை வீட்டு ஜெபம் எங்கள் வீட்டு முறைக்கு வந்தது. பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஏழெட்டுப் பேரும் போதகரும் வருவார்கள். காலையிலேயே ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பை எடுத்து டிவியை மூடினேன். காலண்டரைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டினேன். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்தார்கள். பாட்டு, சாட்சி எல்லாம் முடிந்து போதகர் அவருக்காக நெடுநேரம் ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றோம். அந்த ஆமென் அடங்கும்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. பிரசங்க மேடையில் கேட்ட அதே கனத்த குரல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக:

"போடீ சாக்கே."

பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் எனக்கு மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், தலையிலிருந்து கால்வரை. மற்றவர்களும் பார்த்தார்கள்.

எனக்கு முந்திக்கொண்டு வாய் பேசிவிட்டது. "பேச்சு போனவங்களுக்கு இப்பிடிக் கெட்ட வார்த்த தானா வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். எந்த டாக்டரும் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் தலைக்குப் பின்னால் பூப்போட்ட விரிப்பு ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"சத்தம் வந்ததே, அதுக்கு ஸ்தோத்திரம்" என்று போதகர் சொன்னார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சாயா குடித்தார்கள்.

போகும்போது அக்கா மட்டும் வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன வருசமும் இதையாக்கும் நீ கேட்டுக்கிட்டு இருந்தே, இல்லியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மக்கா."

அப்போது சொல்லியிருக்கலாம். "இல்லக்கா, அது டிவில வாற தமாசு" என்று ஒரே வார்த்தை. உள்ளே ஓடிப்போய் அந்த விரிப்பை இழுத்துவிட்டால் போதும். பயத்தில் என் கண் நிறைந்துவிட்டது. அக்கா அந்தக் கண்ணீரையே பதிலாக எடுத்துக்கொண்டு என் தோளைத் தடவிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டு பெண்கள் என் இரண்டு பக்கமும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருத்தி மீன்குழம்பு கொண்டுவந்து தந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், "டீச்சர், நீங்க எப்பிடியாக்கும் பொறுத்துக்கிட்டிய?" என்று கண் கலங்கக் கேட்டாள். அவரைப் பார்க்கச் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்த ஆண்கள் வரவில்லை. அவருக்குப் பிறகு ஞாயிறு பள்ளியை நடத்துகிறவர் சின்ன வயதிலிருந்தே அவரிடம் படித்து வளர்ந்தவர். இப்போது நாற்பதை ஒட்டிய மனிதர். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எனக்கு எதிரே நின்று, "எங்களுக்கு நாவ காக்கச் சொல்லித் தந்தது சாராக்கும்..." என்று தொடங்கியவர் முடிக்காமலே தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அவர் என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நல்ல மனநிலையில் "எட்டீ" என்பார். மற்றவர்கள் முன்னால் "டீச்சரே" என்பார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பரிதாபம் எனக்கு இனித்தது. இத்தனை காலமும் பிரசங்கம் செய்கிறவரின் மனைவியாக மட்டும்தான் என்னைப் பார்த்தார்கள். இப்போதுதான் என் கையைப் பிடித்து என்னைக் கேட்கிறார்கள். போதாததற்கு, நான் பேசாமல் இருப்பதற்கு நியாயம் தேட ஆரம்பித்தேன். ஸ்டாஃப் டூருக்குப் போகவேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். என் தங்கை வீட்டுக் கல்யாணத்தில் டான்ஸ் வைத்திருக்கிறார்கள் என்று பாதியில் எழுந்து வந்தார், நானும் கூட எழுந்து வரவேண்டியதாயிற்று. இப்படி ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தேன். கட்டிலில் வாயில்லாமல் கிடக்கிறவர்மேல் குற்றம் சேர்த்துக்கொண்டு, சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தேன்.

அவர் வாயில் அந்த இரண்டு வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், ஜன்னலில் காக்கா வந்தாலும் அதுதான். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் அதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, இது அந்த ஸ்கிட்டில் உள்ளதல்லவா? எங்கள் வீட்டில் எல்லாரும் பார்ப்போம்."

"இது எப்படி இவரு வாயில வந்தது?" என்று கேட்டேன்.

சிலருக்கு இப்படி ஏதாவது ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும் என்றாள். மனதில் ஒன்றைச் சொல்ல நினைப்பார்கள், வாயில் அதுதான் வரும். அதை வைத்து அங்கிளைத் தப்பாக நினைக்காதீர்கள் என்றாள்.

"கீர்த்தனை கேட்டுக்கிட்டே இருந்திருந்தா கீர்த்தனை வந்திருக்குமா?"

"அப்படி யாராலும் சொல்ல முடியாது ஆன்ட்டி." என் முகத்தைப் பார்த்துவிட்டு இதமாகத்தான் சொன்னாள்.

அவர் சிரிப்பதையாவது பார்த்தாயா, அதில்தான் எனக்குச் சமாதானம் என்றேன். இந்த நோயில் சிலருக்குச் சிரிப்பும் அழுகையும் தானாகவே வரும், ஒரு சின்னச் சத்தம் போதும், உள்ளே சந்தோஷமோ துக்கமோ இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை என்றாள். "முகத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். கையைப் பிடித்துக் கேளுங்கள்."

அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு நான் அடுக்களையில் போய் நின்றேன். அழுதார் என்று வேதத்தை எடுத்துவிட்டேன். சிரித்தார் என்று டிவியை வைத்தேன். இரண்டும் அவர் சொன்னதல்ல என்றால், இந்த வீட்டில் இத்தனை மாதமும் நடந்ததெல்லாம் யார் சொல்லி நடந்தது?

அன்று ஷோ பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட்டை எடுத்து அணைத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நாற்காலியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து இடது கையைப் பிடித்தேன்.

"இஞ்ச பாருங்க. ஒண்ணு கேக்கணும். இந்த டிவி உங்களுக்கு வேணுமா?"

அணைந்த டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு தரம் அழுத்தினார்.

"மொதல்லயே வேண்டாமா?"

ஒரு தரம்.

"அன்னைக்குக் கஞ்சி குடிக்கும்போ சிரிச்சியளே, அது சந்தோசத்துலயா?"

கை அசையவில்லை. பிறகு ஒரு தரம் அழுத்தினார், விட்டு, இரண்டு தரம் அழுத்தினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

"நான் வேதம் வாசிக்கும்போ அழுதியளே. நிறுத்தச் சொல்லியா அழுதிய?"

இரண்டு தரம். நகம் பதியும்படி.

"வாசிக்கணுமா?"

ஒரு தரம்.

"அழுகை வந்தாலுமா?"

ஒரு தரம் அழுத்தினார். அழுத்திய கையை விடவில்லை.

அந்தக் கையைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபக்கூட்டத்தில் நான் சொன்ன பொய்யை, அக்கா கேட்டதை, நான் வாயை மூடிக்கொண்டு நின்றதை, இப்போது சபையில் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை. எனக்குத்தான் இந்த டிவி வேண்டியிருந்தது என்பதையும் சொன்னேன். நான் முடிக்கும் முன்பே அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சிரிப்பு அடங்கினதும் மெல்ல, "போடீ சாக்கே" என்றார்.

மன்னித்துவிட்டார் என்று இதைக் கேட்கிறவர்கள் சொல்லுவார்கள். மகனும் அதைத்தான் சொன்னான். அவர் சிரிப்புக்கு ஒரு தடவை எனக்கு வசதியாக அர்த்தம் எடுத்துக்கொண்டவள் நான். இன்னொரு தடவை எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கே வேதத்தை எடுத்தேன். அவர் முதல் வரியிலேயே அழ ஆரம்பித்தார். நான் நிறுத்தவில்லை. எழுத்து தெரியவில்லை, ஒரே வரியை இரண்டு முறை வாசித்தேன். ஆனால் அதிகாரம் முடிகிறவரை வாசித்தேன். அவரும் முடிகிறவரை அழுதார்.

அடுத்த வீட்டு ஜெபத்தையும் எங்கள் வீட்டிலேயே வைக்கும்படி கேட்டு வாங்கினேன். டிவியை மூடவில்லை. போதகர் ஜெபத்தைத் தொடங்கும் முன் எழுந்து நின்று சொன்னேன். இந்த டிவி அன்றைக்கும் இங்கேதான் இருந்தது, விரிப்புப் போட்டு மறைத்தேன். தினமும் ஜெப நேரத்தில் காமெடி பார்த்தோம். அவர் சொன்ன வார்த்தை அதில் வருவது. அவர் என்னை ஆயுசில் அப்படிச் சொன்னதில்லை. டாக்டர் சொன்னதாகச் சொன்னது பொய்.

அக்கா எழுந்து வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "போட்டும் மக்கா. எங்களுக்குத் தெரியும். கெட்டினவன விட்டுக்குடுக்க உனக்கு மனசு வராது."

"இல்லக்கா, நான் சொல்லுதது நெசமாக்கும்."

"செரி, செரி."

"டீச்சரு போயி இந்தக் கூத்தெல்லாம் பாப்பாவளா?" என்று ஒருத்தி சொன்னாள். நாலைந்துபேர் அன்பாகச் சிரித்தார்கள். நான் யூடியூபில் அந்த ஸ்கிட்டைப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். ஜெபக்கூட்டத்தில் அதெல்லாம் வேண்டாம் என்று விட்டார்கள். என்மேல் இருந்த மரியாதை அன்றைக்கு இன்னும் கூடியதை அவர்கள் முகத்திலேயே பார்த்தேன்.

நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிற போதகர் மட்டும் செருப்பு மாட்டும்போது கேட்டார். "டீச்சர், அது நெசம்தானா?"

"நெசம் ஐயரே. சபையில சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் சொன்னார். நம் மூத்த சகோதரர் பேசுவது நோயினால், எல்லாரும் போய்ப் பார்த்து ஜெபியுங்கள் என்று சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்து மீதியை விட்டுவிட்டார். நானாக எழுந்து மீதியைச் சொல்லியிருக்கலாம். எழவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை ஞாயிறு பள்ளி நடத்துகிறவர் வந்தார். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றார். நான் போனை எடுத்து, அந்த ஸ்கிட்டைத் தேடி அவர் கையில் கொடுத்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதைப் பார்க்கவே இல்லை. போனை என்னிடமே திருப்பித் தந்தார்.

"எனக்குத் தெரியும் டீச்சர். நானும் பாக்கதுதான். அன்னைக்குக் கூட்டத்துல இருந்துட்டு வந்த உடனே என் வீட்டுக்காரி சொன்னா, சாரு அந்த ஸ்கிட்டுல உள்ளதச் சொல்லுதாருன்னு. அப்பமே எங்களுக்கு வெளங்கிச்சு."

"பின்ன ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா நாங்க பாக்கது தெரியாதா?" என்றார். தலை நிமிரவில்லை. "அங்க இருந்தவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும் டீச்சர்."

நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும், முடியவில்லை. எந்த வாயால் திட்டுவது? உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவர் கட்டில் பக்கத்தில் முழங்காலிட்டு என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார்" என்றார்.

டிவியைக் கழற்றிப் பின்னறையில் வைத்திருக்கிறோம். மகன் விடுமுறைக்கு வரும்போது என்ன செய்வது என்று பார்த்துக்கொள்வான். ஏழு மணிக்கு ஜெபம் நடக்கிறது. அக்கா இப்போதும் என்னைப் பார்க்கும்போது அந்தப் பழைய பரிதாபத்தோடுதான் பார்க்கிறார். பெண்கள் ஞாயிற்றுக்கு என்னைப் பேசச் சொல்லிக் கேட்டார், வீட்டில் பக்தியைக் காப்பது எப்படி என்று. நான் மாட்டேன் என்றேன். அதைத் தாழ்மை என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு பள்ளிக்காரர் இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறார். போன சனிக்கிழமை நீயே வாசி என்று வேதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. பழைய டீச்சர்தான். அன்றைக்குக் கவிழ்த்து வைத்தேன். எல்லா நாளும் அப்படி வைப்பதில்லை. மத்தியானங்களில் அவர் தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்து இன்னும் பார்க்கிறேன், சிரிப்பும் வருகிறது. பார்த்து முடித்ததும் முன்னறைக்குப் போய் அவர் தூங்குகிறாரா என்று பார்ப்பேன்.

அந்தச் சனிக்கிழமை முன்னறையில் வாசிப்பு நின்றுவிட்டது. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் பயந்துபோய்ப் புத்தகத்தை மூடப் போனார்.

"மூடாதே மக்கா" என்றேன். "அவரு அழட்டும். நீ வாசி."

அவர் மறுபடியும் பக்கத்தைத் தேடி, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டில் காலடியில் உட்கார்ந்தேன்.